விரிவுரை அரங்கில் ஏன் இவ்வளவு குளிர்?

சிங்கப்பூரில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளிடம், பையில் மடிக்கணினியோடு வேறு என்ன இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஜாக்கெட் என்பார்கள். மழைக்காக இல்லை, வகுப்புக்காக. நிலநடுக்கோட்டிலிருந்து 1 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிற ஊர் இது. ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 டிகிரி. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, 1983-இல் பதிவான உச்சத்தைத் தொட்டது. இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள்.

நான் பெரிய கட்டடங்களின் ஏர்கான் அமைப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன். அலுவலகக் கட்டடங்கள், மருத்துவமனைகள், நடுநடுவே கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்கள். வளாகங்களுக்குப் போகும்போதுதான் எனக்கு மனசு அதிகம் ஆறாமல் போகிறது. பருவநிலை மாற்றத்தைப் பற்றி வகுப்பெடுக்கும் அறையே 21 டிகிரியில் இருப்பதைப் பார்த்தால் எப்படி ஆறும்?

இந்த ஊருக்கு ஏர்கான் எவ்வளவு முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெப்பமண்டல நாடுகள் முன்னேறக் குளிர்சாதனம்தான் வழிசெய்தது என்று லீ குவான் இயூ சொல்லியிருக்கிறார். பிரதமரானதும் முதலில் செய்த வேலை, அரசாங்க ஊழியர்கள் பணிபுரியும் கட்டடங்களில் அதைப் பொருத்தியதுதான் என்றும் சொன்னார். அது சரிதான். வியர்த்து வழிந்துகொண்டு யாராலும் கணக்குப் போட முடியாது. ஆனால் வியர்வையைத் தடுப்பது வேறு, உடம்பு நடுங்க வைப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சில டிகிரிகளில்தான் வளாகத்தின் மின்சாரம் பெருமளவு வீணாகிறது.

ஏன் இவ்வளவு குளிர்? யாரோ ரிமோட்டில் 18 என்று அழுத்திவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரிய கட்டடங்களில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. காரணம் ஈரம்.

நம் ஊர் மதியக் காற்று, 32 டிகிரியில், ஒரு கிலோவுக்கு 20 கிராமை ஒட்டி நீராவியைச் சுமந்துகொண்டு வருகிறது. அறைக்குள் நமக்குச் சௌகரியமாக இருக்க 10 கிராம் போதும். மீதியை எடுக்க வேண்டுமானால் காற்றை 12, 13 டிகிரிக்குக் குளிர்வித்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வடியவிட வேண்டும். அதற்குத்தான் குளிர்நீர்க் குழாய்ச் சுருள்களின் மேல் காற்றைச் செலுத்துகிறோம். வெளிக்காற்றைப் பக்குவப்படுத்தச் செலவாகும் ஆற்றலில் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கவே போகிறது. வெப்பநிலையைக் குறைக்கப் போவது மிச்சம்தான். சென்னை, மதுரை வெயிலுக்குப் பழகியவர்கள் இங்கே வந்து "ரெண்டு மூணு டிகிரி கம்மிதானே, அப்புறம் ஏன் இவ்வளவு கசகசன்னு இருக்கு" என்று கேட்பார்களே, அந்தக் கசகசப்புக்கான மின்கட்டணம் இது.

இப்போது அந்த 13 டிகிரிக் காற்று விரிவுரை அரங்குக்குள் வருகிறது. அரங்கை வடிவமைத்த நாளில் என்ன கணக்குப் போட்டார்கள்? 300 பேர் நிறைந்திருப்பார்கள், பழைய விளக்குகள் சூட்டைக் கக்கும், மேற்குச் சுவரில் வெயில் அடிக்கும். இன்று விளக்குகள் எல்லாம் எல்இடி. விரிவுரையைப் பதிவு செய்து இணையத்தில் போட்டுவிடுவதால் பாதிப் பிள்ளைகள் நேரில் வருவதே இல்லை. ஆங்காங்கே 40 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். 300 பேருக்கான காற்று 40 பேர் மேல் இறங்குகிறது. காற்றின் அளவைக் கண்டபடி குறைத்தால் ஈரம் ஏறும், கம்பளத்தில் நாற்றம் வரும், பூஞ்சை பிடிக்கும். அதனால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் குளிர்வித்த காற்றை ஹீட்டர் போட்டுக் கொஞ்சம் சூடாக்கி அனுப்புவதும் உண்டு. ஒரே காற்றுக்கு இரண்டு தடவை மின்சாரம்.

இது தொழில்நுட்பக் காரணம். இதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது. அதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு வளாகத்தின் சில்லர் அறையில், அதாவது ஏர்கானுக்கான குளிர்நீரைத் தயாரிக்கும் இயந்திர அறையில், பல வருடமாக வேலை பார்க்கும் மன்னார்குடிப் பக்கத்து அண்ணன். காது அடைக்கும் மோட்டார் சத்தத்துக்கு நடுவே அவரிடம் கேட்டேன்: "ஏண்ணே, ஆளே இல்லாத ஹாலுக்கு இவ்வளவு காத்து அனுப்புறீங்களே, கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

"தம்பி, குளிருதுன்னு புகார் வந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஜாக்கெட் போட்டுக்குவாங்க. வேர்க்குதுன்னு ஒரே ஒரு புகார் வரட்டும், மேனேஜர் வரைக்கும் போகும். எனக்கு எது நல்லது, நீங்களே சொல்லுங்க."

எனக்குப் பதில் இல்லை. அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. வளாகங்களின் மின்சார விஷயம் முழுவதையும் அந்த ஒரு பதிலில் பார்க்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன். குளிருக்குக் கணக்குக் கேட்க ஆள் இல்லை. துறை அந்த மின்கட்டணத்தைப் பார்ப்பதே இல்லை, அது மத்திய அலுவலகத்துக்குப் போகிறது. மாணவருக்கு அது தெரியவே தெரியாது. பேராசிரியருக்கு அறை சில்லென்று இருந்தால் போதும். இயக்குகிறவருக்குத் திட்டு வாங்காமல் ஷிப்ட் முடிய வேண்டும். ஒவ்வொருவரும் தன் இடத்தில் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு சிறு நகரத்துக்குத் தேவையான மின்சாரம் போகிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவை எரித்து வருவது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. நாட்டின் மொத்தக் கரிம வெளியேற்றத்தில் 20 சதவீதத்துக்கு மேல் கட்டடங்களுடையது.

சரி, வேறு மாதிரிச் செய்ய முடியுமா? முடியும் என்பதற்குச் சாட்சி கென்ட் ரிட்ஜிலேயே நிற்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்டிஇ 4 கட்டடத்தை 2019 ஜனவரியில் திறந்தார்கள். ஆறு மாடி, சுமார் 8,500 சதுர மீட்டர். ஆண்டு முழுவதும் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் கூரையிலேயே எடுத்துக்கொள்ளும்படி வடிவமைத்த கட்டடம். கூரையில் 1,200-க்கும் அதிகமான சூரியசக்தித் தகடுகள். செய்திகளில் எல்லாரும் இந்தத் தகடுகளைப் பற்றித்தான் எழுதினார்கள். எனக்கு அவை இரண்டாவது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் கூரை ஆண்டுக்குத் தருவது சுமார் 5 லட்சம் யூனிட். 8,500 சதுர மீட்டரால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 60 யூனிட்டைக்கூடத் தொடவில்லை. இங்கே ஒரு சாதாரண அலுவலகக் கட்டடம் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 200 யூனிட்டை ஒட்டியோ அதற்கு மேலோ கேட்கும். அப்படிப்பட்ட கட்டடத்தின் தலையில் அதே தகடுகளை வைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது. ஆக, முதலில் தேவையைக் குறைத்தார்கள், அதனால்தான் கூரை போதுமானதாக ஆயிற்று. அதில்தான் அந்தக் கட்டடத்தின் உண்மையான சாதனை இருக்கிறது.

எப்படிக் குறைத்தார்கள்? குளிர்விக்கும் வேலையை ஏர்கானுக்கும் விசிறிக்கும் பங்கிட்டார்கள். உள்ளே வருவது முழுக்க வெளிக்காற்று. அதை ஓரளவு குளிர்வித்து, ஈரத்தை எடுத்து, வழக்கமான ஏர்கான் அறையைவிடக் கூடுதல் வெப்பநிலையில் அனுப்புகிறார்கள். மிச்சத்தைக் கூரையில் தொங்கும் மின்விசிறிகள் பார்த்துக்கொள்கின்றன. ஆமாம், நம் வீடுகளில் சுழல்கிற அதே மின்விசிறிதான். உடம்பின் மேல் மிதமாகக் காற்று ஓடினால் அறை இரண்டு மூன்று டிகிரி குறைவாகத் தோன்றும். ஒரு விசிறிக்குச் சில பத்து வாட் போதும். அதே இரண்டு மூன்று டிகிரியைச் சில்லரிடம் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு விழுங்கும் என்று தெரியும். தாழ்வாரம், படிக்கட்டு, பொதுவெளிகளுக்கு ஏர்கானே கிடையாது. அகலமாக நீண்டு நிற்கும் கூரை வெயிலை மறைக்கிறது, காற்று குறுக்கே ஓடுகிறது.

அங்கே போனபோது நான் கவனித்தது முகங்களைத்தான். யாரும் வியர்த்து வழியவில்லை, யாரும் போர்த்திக்கொள்ளவும் இல்லை. வெளியிலிருந்து உள்ளே நுழையும்போது முகத்தில் அறையும் அந்தக் குளிரும் இல்லை. முதல் இரண்டு நிமிடம் "இங்க ஏர்கான் ஓடுதா" என்று ஒரு சந்தேகம் வரும், அவ்வளவுதான். பிறகு மறந்துவிடும். மறந்துவிடுவதுதான் சௌகரியத்துக்கு அடையாளம் என்பேன்.

மேற்குப் பக்கம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வேறொரு வழியில் போனது. 2015-இல் திறந்த ஹைவ் கட்டடத்திலும் 2023 மே மாதம் திறந்த காயா என்ற பெரிய மரக் கட்டடத்திலும், உலோகச் சுருள்களுக்குள் குளிர்நீரை ஓடவிட்டுக் காற்றைக் குளிர்விக்கிறார்கள். குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கும். ஆட்களின் உடம்புச் சூட்டிலும் கணினிச் சூட்டிலும் பட்டு இலேசாகி மேலே எழும். காற்றைத் தள்ள விசிறி மோட்டார் தேவையில்லை. சத்தமும் இல்லை. காயாவைப் பற்றி மரம், மரம் என்றே பேச்சு. 43,500 சதுர மீட்டர் பரப்புள்ள கட்டடத்தைப் பெரும்பாலும் மரத்தால் எழுப்பியது பெரிய காரியம்தான். சிமென்ட், இரும்பு தயாரிக்க வெளியாகும் கரிமத்தில் ஒரு பகுதி மிச்சம். நகர நடுவில் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகமும் 2020-இல் தன் மின்சாரத் தேவையைத் தானே ஈடுகட்டும் ஒரு கட்டடத்தைத் திறந்தது.

இவற்றைப் பார்க்கும்போது எனக்குப் பெருமைதான். கவலை எங்கே என்றால், இவை ஒவ்வொரு வளாகத்திலும் ஒன்று, இரண்டு. சுற்றி நிற்பவை பழைய கட்டடங்கள். கென்ட் ரிட்ஜ் வளாகமே 1970-களில் எழுந்தது. குன்றின் சரிவை ஒட்டிய கட்டடங்கள், அவற்றை இணைக்கும் கூரை போட்ட நடைபாதைகள், திறந்த தாழ்வாரங்கள். காற்றையும் நிழலையும் யோசித்துக் கட்டிய இடம் அது. பிறகு வருடா வருடம் திறந்த ஜன்னல்களை மூடி, கண்ணாடி போட்டு, ஏர்கான் சேர்த்துக்கொண்டே வந்தோம். பல வளாகங்களின் கதை இதுதான்.

இவற்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் பசுமையாகிவிடுமா? இடிக்கும்போதே அந்தத் தூண்களிலும் தளங்களிலும் ஏற்கெனவே செலவான கரிமத்தைக் குப்பையில் போடுகிறோம். புதிய கான்கிரீட்டுக்கு மறுபடி ஒரு செலவு. அது பல வருட மின்சேமிப்பைத் தின்றுவிடும். பல்கலைக்கழகத்துக்குள் இதைப் புரிந்து செய்த வேலை எஸ்டிஇ 4-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எஸ்டிஇ 1, எஸ்டிஇ 3 என்ற பழைய கட்டடங்களை இடிக்காமல், எலும்புக்கூட்டை அப்படியே வைத்துப் புதுப்பித்தார்கள். வெயில் மறைக்கும் முகப்பு, விசிறியோடு சேர்ந்த குளிரூட்டல், கூரையில் தகடுகள் என்று எஸ்டிஇ 4-இல் கற்றதை இங்கே கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்னால், 2009-இலேயே கட்டட, கட்டுமான ஆணையம் பிராடல் ரோட்டிலுள்ள தன் பயிற்சிக் கழகத்தில் ஒரு பழைய கட்டடத்தை இப்படி மாற்றிக் காட்டியது. எல்லாக் கட்டடத்தாலும் முழுத் தேவையை ஈடுகட்ட முடியாது, பத்து மாடிக் கோபுரத்துக்குக் கூரை போதாது. ஆனால் தேவையைப் பாதியாக்கப் பெரும்பாலானவற்றால் முடியும்.

அதற்கு எப்போதும் கோடிகள் தேவையில்லை. காற்றைத் தள்ளும் விசிறி மோட்டாரின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகும், இது இயற்பியல். வேகத்தை மாற்றும் கருவி பல கட்டடங்களில் ஏற்கெனவே இருக்கும். யாரோ ஒரு நாள் ஏதோ புகாருக்காக அதை முழு வேகத்தில் பூட்டியிருப்பார்கள், அப்படியே கிடக்கும். கரியமில வாயுவை அளந்து ஆள் எத்தனை பேர் என்று ஊகிக்கும் சென்சர் சுவரில் இருக்கும், அளவு தப்பி வருடங்கள் ஆகியிருக்கும். வகுப்பு அட்டவணை ஒரு கணினியில், ஏர்கான் நேரம் இன்னொரு கணினியில், இரண்டும் பேசிக்கொள்ளாது. ஆறு மணிக்கு முடிந்த வகுப்புக்கு இரவு பத்து மணி வரை காற்று போகும். பழைய சில்லர் அறை ஒரு டன் குளிர்ச்சிக்கு (குளிர்விக்கும் திறனை எங்கள் தொழிலில் டன் கணக்கில்தான் சொல்வோம்) 1 கிலோவாட் எடுக்கிற இடத்தில், நன்றாக வடிவமைத்துப் பராமரித்தால் 0.6-க்குக் கொண்டுவரலாம். படம் எடுத்துப் போட அழகான வேலை எதுவும் இதில் இல்லை. அதனால்தான் இதற்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் தயக்கம், நுழைவாயிலில் செங்குத்துத் தோட்டம் என்றால் உடனே கையெழுத்து. செடியின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் ஓடும் மோட்டாரை ஒருவராவது போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்பேன்.

வளாகங்களில் நான் அதிகம் பயப்படுவது ஆய்வகங்களுக்கு. வேதியியல் ஆய்வகத்தில் ஃபியூம் ஹூட் என்று ஒன்று இருக்கும். நச்சுப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டு. அது உறிஞ்சுவது வெறும் புகையை அல்ல, நாம் அவ்வளவு செலவு செய்து குளிர்வித்து ஈரம் எடுத்த காற்றை. அந்தக் காற்று திரும்பி வராது, நேரே வானத்துக்குப் போய்விடும். ஈடாகப் புதிய வெளிக்காற்றை மறுபடி பிழிய வேண்டும், இரவும் பகலும். முன்னாலிருக்கும் கண்ணாடிக் கதவைக் கீழே இறக்கினால், காற்றளவைத் தானே குறைத்துக்கொள்ளும் வகை ஹூடுகளில் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். ஒரு வளாகத்தில் ஆய்வகப் பொறுப்பிலிருந்த அக்கா ஒருவர், மாலை கிளம்பும் முன் ஒவ்வொரு ஹூடாகப் போய்க் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவார். "இது என் வேலையில்ல தம்பி. ஆனா பாத்துட்டுச் சும்மா போக முடியல" என்றார். அவர் கையால் ஒரு வருடத்தில் மிச்சமாகும் மின்சாரத்தை யாரும் அளக்கவில்லை. அளந்திருந்தால் அவருக்கு விருது கொடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிகள். உயிரியல் மாதிரிகளை வைப்பவை. பழைய பெட்டி ஒன்று நாளொன்றுக்கு 20 யூனிட் வரை எடுக்கும். நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்று எடுப்பது நாளுக்கு 13 யூனிட்டைச் சுற்றித்தான். ஆக, நடைபாதையில் முனகிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு பழைய பெட்டியும் ஒரு குடும்பத்தைவிட அதிகம் செலவழிக்கிறது. மைனஸ் 70-க்கு மாற்றினால் சுமார் 30 சதவீதம் மிச்சம். பலவகை மாதிரிகளுக்கு மைனஸ் 70 போதும் என்று உலகின் பல ஆய்வகங்கள் அதற்கு மாறிவிட்டன. இங்கே மாற்றச் சொன்னால் முதலில் வருவது பயம். பத்து வருட உழைப்பு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, அதனால் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பட்டம் வாங்கிப் போய்விட்ட மாணவரின் மாதிரிகள், பெயர்ச்சீட்டு உதிர்ந்த குப்பிகள் எத்தனை அந்தப் பெட்டிகளில் உறைந்து கிடக்கின்றன! அவற்றை எடுத்தெறியப் பயப்பட வேண்டியதில்லை, ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

உள்ளே எடுத்த சூடு எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடிக் கூலிங் டவர் வழியாக வெளியே போகிறது, ஊரின் மேலேயே. இரவில் நகர மையத்துக்கும் வடக்கே மரங்கள் அடர்ந்த பகுதிக்கும் 7 டிகிரி வரை வித்தியாசம் வருவதுண்டு. அதற்குக் கட்டடங்களின் நெருக்கமும் காரணம், நாம் வெளியே தள்ளும் இந்தச் சூடும் காரணம். அந்த மாடியில் யார் நிற்கிறார்கள்? டவரைச் சுத்தம் செய்பவர், தகடு பொருத்துபவர், குழாய்க்கு உறை சுற்றுபவர். பாதிப்பேர் நம் ஊர்த் தம்பிகள், புதுக்கோட்டையிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்தவர்கள். கடும் வெக்கையில் வெளியே கடும் உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கு மணிக்கு ஒருமுறை ஓய்வு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. கீழே ஒரு காலி அரங்கு 21 டிகிரியில் இருப்பதற்காக மேலே ஒருவர் அந்த வெக்கையில் நிற்கிறார் என்பதை நினைத்தால், மிச்சப்படுத்துவது வெறும் மின்கட்டண விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

விதிகளும் நெருங்கி வருகின்றன. 2030-க்குள் கட்டடப் பரப்பில் 80 சதவீதம் பசுமைத் தரம் பெற வேண்டும் என்பது தேசிய இலக்கு. 2019-இல் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி 2024-இல் 25 ஆனது, 2026-இல் 45. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அளவுக்கு மீறி ஆற்றலை எடுக்கும் கட்டடங்கள் தணிக்கை செய்து 10 சதவீதமாவது குறைத்தாக வேண்டும் என்ற சட்டவிதி 2025 செப்டம்பர் இறுதியில் நடப்புக்கு வந்தது. இதில் கல்விக் கட்டடங்களும் உண்டு. 10 சதவீதம் என்பது, மேலே சொன்ன பூட்டிய மோட்டார்களையும் தப்பான அட்டவணைகளையும் சரிசெய்தாலே பல இடங்களில் வந்துவிடும்.

நான் வளாக நிர்வாகங்களிடம் கேட்பது ஒன்று. ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும், அது போன மாதம் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் எடுத்தது என்று எழுதி வையுங்கள். பக்கத்துக் கட்டடத்தின் எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். மின்கட்டணத்தில் ஒரு பங்கைத் துறைகளின் கணக்கில் ஏற்றுங்கள், மிச்சமானால் அதில் பாதியை அவர்களுக்கே கொடுங்கள். கணக்குக் கேட்க ஆள் தானாக வருவார்கள்.

மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். குளிர்ந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள், புகார் கொடுங்கள். பெரும்பாலான வளாகங்களில் அறைப் பழுதுகளைத் தெரிவிக்கச் செயலியோ தொலைபேசி எண்ணோ இருக்கிறது. அதில் அறை எண், கிழமை, நேரம், எத்தனை பேர் உட்கார்ந்திருந்தீர்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். "ரொம்பக் குளிருது" என்று மட்டும் எழுதினால் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். செவ்வாய் மதியம் இரண்டு மணி, 300 இருக்கை, 40 பேர் என்று எழுதினால் அந்த அறையின் காற்றளவையே திருத்த எங்களுக்கு ஆதாரம் கிடைக்கும். மன்னார்குடி அண்ணனும் அந்தப் புகாரைக் காட்டி மோட்டாரின் பூட்டைத் தைரியமாக அவிழ்ப்பார்.